வி2 என்பது தண்ணீர் அல்ல

ஐதாக்கும்போது வருகிற இதே பிழை, இந்தத் தவணையில் இது நான்காவது தடவை. ஒரு மாணவியிடம், லீற்றருக்கு 1 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்து 0.1 மூல் கரைசல் 100 மில்லிலீற்றர் தயாரிக்கச் சொன்னேன். சி1வி1 = சி2வி2 (சி செறிவு, வி கனவளவு; 1 ஐதாக்குமுன், 2 ஐதாக்கியபின்) போட்டு, 10 மில்லிலீற்றர் அமிலம் என்று சரியாகவே கண்டுபிடித்தாள். குழாயியால் (பிப்பெற்றால்) எடுத்தாள். அப்புறம் அளவுச்சாடியில் 100 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து அதோடு ஊற்றிவிட்டாள். 0.1 மூல் சோடியமைதரொட்சைட்டு 25 மில்லிலீற்றரை நியமிக்க, அதாவது காட்டி நிறம் மாறும்வரை அமிலம் விட்டு நடுநிலையாக்க, 25 போகவேண்டிய இடத்தில் 27.5 மில்லிலீற்றர் அமிலம் போனது. "மிஸ், காட்டி பழுதாப் போச்சு போல" என்கிறாள். காட்டியான பினோப்தலீன் பாவம்.

வி2 என்பது ஊற்றுகிற தண்ணீரின் அளவு அல்ல, கடைசியில் இருக்கிற முழுக் கரைசலின் கனவளவு. அவளிடம் இருந்தது 110 மில்லிலீற்றர், செறிவு 0.091. "அப்ப 90 தண்ணீர் விட்டால் சரிதானே?" என்று உடனே ஒருவன் கேட்பான். ஐதான அமிலத்தில் ஏறக்குறையச் சரி வரும், ஆனால் பழக்கம் பிழை. 50 எதனோலும் 50 தண்ணீரும் சேர்ந்தால் 100 வராது, 96, 97இல் நிற்கும். கழுத்தில் குறியுள்ள கனமானக் குடுவையில் அமிலத்தை விட்டு, அந்தக் குறி வரைக்கும் காய்ச்சி வடித்த நீரை நிரப்புங்கள். எவ்வளவு நீர் போனது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சம்மாந்துறைப் பக்கத்து வயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கி நிறையத் தண்ணீர், அதற்குள் இத்தனை மூடி மருந்து. அங்கே அந்தக் கொஞ்ச வித்தியாசம் கண்ணில் படாது. நியமிக்கிற அளவியில் (பியூரெற்றில்) பட்டுவிடும்.

சி1வி1 = சி2வி2இல் மில்லிலீற்றரை லீற்றராக்கவில்லையே என்று பதறவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அலகு இருந்தால் போதும்.

(குடுவையில் 20 பாகை என்று அச்சிட்டிருக்கும், குறி சரியாக இருக்கும் வெப்பநிலை அது. மட்டக்களப்பின் சித்திரை வெயிலில் எங்கள் ஆய்வுகூடம் 20ஐக் கண்டதே இல்லை. அந்தப் பிழை சிறிது, விட்டுவிடுவோம்.)

செறிந்த சல்பூரிக்கமிலம் என்றால் தண்ணீருக்குள்தான் அமிலம், முகவையில், சிறிது சிறிதாக, கலக்கியபடி. ஒருபோதும் மாற்றி ஊற்றக்கூடாது. சுடும்; நன்றாக ஆறிய பிறகுதான் குடுவைக்கு மாற்றிக் குறிக்குக் கொண்டுவர வேண்டும். குழாயியை வாயால் உறிஞ்சுகிறவர் என் ஆய்வுகூடத்துக்கு வரவே வேண்டாம். மூடியைப் பிடித்துக்கொண்டு குடுவையைப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள், இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு வைக்காதீர்கள்.

அப்புறம், பிள்ளைகளே, தயவுசெய்து போத்தலில் பெயரும் செறிவும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். போன கிழமை அலுமாரியில் பெயரில்லாத தெளிந்த திரவம் மூன்று போத்தல். ஆய்வுகூட உதவியாளர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.