பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: எந்தத் தெரபி, ஏன் பலன் தருகிறது?

‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று மருத்துவர் சொன்ன கையோடு இணையத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கலங்கித்தான் போகிறார்கள். இது பிறவிக் குணம், மாறாது, சிகிச்சை கிடையாது, தெரபிஸ்ட்டுகளே ஒதுங்கிக்கொள்வார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸானரினி குழுவினர் 290 பேரைத் தொடர்ந்து கவனித்து, பத்தாண்டு முடிவுகளை 2010-இல் வெளியிட்டார்கள். 93 சதவீதத்தினருக்கு, நோய் என்றே சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் தணிந்து, அந்த நிலை குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்திருந்தது. ஆனால் வேலை, உறவுகள் எல்லாம் சேர்ந்து நல்லபடியாக அமைந்தவர்கள் பாதிப்பேர்தான். அறிகுறி குறைவது ஒன்று, வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வருவது இன்னொன்று. சிகிச்சை தேடும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவர்கள் இந்த நோயை 9 அறிகுறிகளை வைத்துக் கணிக்கிறார்கள். கைவிடப்படுவோமோ என்ற தீராத பயம், கொண்டாடுவதும் வெறுப்பதுமாக மாறி மாறி வரும் உறவுகள், தான் யார் என்பதில் நிலையில்லாத எண்ணம், யோசிக்காமல் இறங்கிவிடும் செயல்கள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, உள்ளே ஒரு வெறுமை என்று பட்டியல் போகிறது. ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 256 விதமான சேர்க்கைகள் வரும். ஒரே நோய்ப்பெயர் கொண்ட இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறிதான் இருக்கும் என்பதும் சாத்தியம். ‘என் தோழிக்கு இப்படி இல்லையே’ என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் முன்வைத்த விளக்கம்தான் சிகிச்சையோடு நேராகப் பொருந்துகிறது. சிலருக்கு உணர்ச்சி சட்டென்று கிளம்பும், கிளம்பினால் உச்சத்துக்குப் போகும், இறங்க வெகுநேரம் பிடிக்கும். பல மூளை ஸ்கேன் ஆய்வுகளிலும், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா அதிகமாகக் கிளர்ச்சியடைவதும் அதை அடக்கும் மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் பின்தங்குவதும் தெரிகின்றன. இப்படிப் பிறந்த குழந்தையிடம் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்றே சுற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதைத் தணிக்கவும் அந்தக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை. பலருடைய கதையில் கொடுமையும் புறக்கணிப்பும் உண்டு. எல்லோருடைய கதையிலும் இல்லை. எனவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கான விளக்கமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லினஹான் முதலில், தற்கொலை எண்ணம் மிகுந்த பெண்களுக்கு வழக்கமான நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுத்துப் பார்த்தார். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்றதும் அவர்கள் தங்களையே குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். சரி என்று, மாற்றத்தை விட்டுவிட்டு ஏற்றுக்கொள்வதை மட்டும் பேசினால், ‘அப்போ என் வேதனை இப்படியே இருக்கட்டுமா?’ என்று கொதித்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்வதுதான் அவர் கண்ட வழி. ‘உங்கள் பயம் புரிகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது, ஆனாலும் அடுத்த முறை வேறு மாதிரி செய்யப் பழகலாம்.’ இதுவே டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. முதல் பரிசோதனை முடிவு 1991-இல் வெளியானது. இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல்தான் அவர் வெளியே சொன்னார்.

டிபிடியில் நான்கு பாகங்கள் உண்டு: வாரம் ஒரு தனிச்சந்திப்பு, வாரம் ஒரு பயிற்சி வகுப்பு, நெருக்கடியில் தெரபிஸ்ட்டைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி, தெரபிஸ்ட்டுகள் தங்களுக்குள் கூடிப் பேசும் குழு. கடைசியாகச் சொன்னது நோயாளியின் கண்ணுக்கே படாது. ஆனால் தெரபிஸ்ட் சோர்ந்துபோகாமலும் தடம் மாறாமலும் இருப்பதற்கு அதுதான் காவல்.

தனிச்சந்திப்பில் நடக்கும் ‘சங்கிலி ஆய்வு’தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் வராததில் தொடங்கி, இரவுக்குள் ஒரு நட்பே முறிந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். தெரபிஸ்ட் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கமாட்டார். முந்தைய இரவு தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, போனை எத்தனையாவது முறை பார்த்தபோது நெஞ்சு படபடத்தது, அப்போது ஓடிய எண்ணம் என்ன, அடுத்த நிமிடம் என்ன செய்தீர்கள் என்று கண்ணி கண்ணியாகக் கேட்பார். திடீரென்று வெடித்ததாகத் தோன்றிய ஒன்றுக்குள் பத்துப் பதினைந்து படிகள் இருந்தது தெரியவரும். எந்தப் படியில் வேறு ஒன்றைச் செய்திருக்கலாம் என்று பார்த்து, அந்த இடத்துக்கு ஒரு திறனைப் பொருத்துவார்கள்.

திறன்களும் சும்மா அறிவுரைகள் அல்ல. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் சில விநாடிகள் வைத்தால், நீரில் மூழ்கும் உயிரினங்களுக்கு உள்ள அனிச்சைச் செயல் நமக்கும் கிளம்பி, இதயத் துடிப்பு குறையும். (இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.) இன்னொன்று, உணர்ச்சி தூண்டுவதற்கு நேர்மாறாகச் செய்வது: சூழ்நிலைக்குப் பொருந்தாத வெட்கம் ஒளிந்துகொள்ளச் சொன்னால், தலை நிமிர்ந்து ஆள்களோடு உட்காருவது. இவற்றை மனம் அமைதியாக இருக்கும் நாள்களில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை இது. அதனால்தான் முழுச் சிகிச்சை ஓர் ஆண்டு வரை நீள்கிறது.

டிபிடி மட்டும்தான் வழியா? இல்லை. பிரிட்டனில் ஆன்டனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் உருவாக்கிய சிகிச்சை, தன் மனதிலும் அடுத்தவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாக ஊகிக்கும் திறனை வளர்க்கிறது. சிறு வயதிலேயே படிந்துவிட்ட எண்ணப்போக்குகளை மாற்ற முயலும் ஸ்கீமா தெரபியும், உளப்பகுப்பாய்வாளர் ஆட்டோ கெர்ன்பெர்க் வழியில் வந்த சிகிச்சையும் உண்டு. 2009-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு 180 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு டிபிடி, மறுபாதிக்கு இந்த நோய்க்கென்றே ஒழுங்குபடுத்திய பொது மனநலச் சிகிச்சை. ஓர் ஆண்டில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. என் கணிப்பில், பெயர்ப்பலகையைவிட ஒழுங்கும் தொடர்ச்சியும் இந்த நோயை அறிந்த தெரபிஸ்ட்டும்தான் முக்கியம். ஊரில் டிபிடி கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிட வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து எதுவும் இல்லை. மிகவும் நம்பப்பட்ட, வலிப்பு நோய்க்கும் தரப்படும் லாமோட்ரிஜின் என்ற மருந்தை 276 பேரிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2018-இல் வந்தது. மருந்தே கலக்காத போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மருந்து உதவலாம். ஏற்கெனவே சாப்பிடுவதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

தேடத் தொடங்கும்போது முதலில் நோய்க்கணிப்பு சரியா என்று பார்க்க வேண்டும். மனநிலை அளவுக்கு மீறி உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் பைபோலார் நோயோடு இது அடிக்கடி குழம்பும். பைபோலாரில் மனநிலை நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிக்கும்; இதில் பெரும்பாலும் மணிக்கணக்கில், யாரோ சொன்ன அல்லது செய்த ஒன்றை ஒட்டி மாறும். அப்புறம் தெரபிஸ்ட்டிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில், எவ்வளவு காலம், சிக்கலானால் நீங்கள் யாரிடம் ஆலோசிப்பீர்கள், எனக்கு நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பதே மேல். உயிருக்கு ஆபத்தான எண்ணம் இப்போதே இருந்தால் இந்தத் தேடல் காத்திருக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ உடனே நாடுங்கள்.

ஆள் கிடைத்த பிறகும் ஒன்று நடக்கும். முதல் மாதம் ‘இவரைப் போல யாரும் இல்லை’ என்று தோன்றும். ஒரு சந்திப்பு தள்ளிப்போனதும் ‘இவரும் மற்றவர்களைப் போலத்தான்’ என்று மனம் கசந்து, நின்றுவிடத் தோன்றும். அது நோயின் வேலை. டிபிடியில் உயிராபத்துக்கு அடுத்தபடியாகப் பேசியே ஆக வேண்டிய விஷயமாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். எனவே வராமல் நின்றுவிடுவதற்குப் பதில், ‘உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன், நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்’ என்பதை அடுத்த சந்திப்பின் முதல் பேச்சாகவே வைக்கலாம்.