கைபேசி ‘ஒப்படைத்தாகிவிட்டது’ என்கிறது, பொருளோ வரவில்லை: என்ன செய்யலாம்?

கருங்கல் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகும் என் உறவுக்காரப் பெண் ஒருவர், மகளின் படிப்புக்காக இணையத்தில் 11,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கினார். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார். தோட்டத்தில் நின்றபோது ‘பொருள் ஒப்படைக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் திண்ணையில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டிலும் யாரும் வாங்கி வைக்கவில்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டால், “எங்கள் பதிவில் கொடுத்தாகிவிட்டது” என்ற ஒரே பதில். அவர் அதோடு விட்டுவிட இருந்தார்.

விடக்கூடாது. அந்தச் செய்தி, நிறுவனம் தன் கணக்கில் தானே போட்டுக்கொண்ட குறி. கொடுத்தோம் என்று சொல்பவர், யாரிடம், எங்கே, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று காட்டட்டும். கையெழுத்து, புகைப்படம், ஓடிபி பதிவு, கொண்டுவந்தவர் நின்ற இடத்தின் பதிவு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். கதவு எண்ணை விட வீட்டுப் பெயரையும் ஆலயத்தையும் அடையாளம் சொல்லியே முகவரி எழுதுகிறோம். பார்சல் வேறொரு விளைக்குப் போய்விட்டதா என்பது அந்தப் பதிவுகளில் தெரிந்துவிடும்.

செய்தி வந்த அன்றே புகார் செய்யுங்கள். பல நிறுவனங்கள் இதற்குச் சில நாள் கெடு மட்டுமே வைத்திருக்கின்றன. தொலைபேசியில் பேசினாலும், அதையே செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுதி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் பக்கம், பணம் கட்டிய ரசீது, அந்தச் செய்தி, பிறகு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பில்லில் விற்பனையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும்; அது பின்னால் தேவைப்படும். கார்டில் பணம் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற வங்கிகளுக்கு ஒரு நடைமுறை உண்டு, ஆனால் அதற்கும் கெடு இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பார்சல் கைக்கு வரும் முன் ஓடிபியைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அதையே பொருள் வாங்கியதற்கான சான்றாகக் காட்டுவார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடிக் கூப்பிடவும் வேண்டாம். போலி எண்களை வைத்துக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள்.

நிறுவனத்தின் சேவைப் பிரிவு கைவிரித்தால் அடுத்த படி, அதன் குறைதீர்ப்பு அலுவலர். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் இப்படி ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும் என்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெரும்பாலோர் இந்தப் படியை அறியாமலேயே சோர்ந்துபோகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். என் உறவுக்காரருக்கு இந்த அலுவலருக்கு எழுதிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

இதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கித் தர முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அதிகாரம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இருக்கிறது. நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குளச்சலிலிருந்தோ ஆரல்வாய்மொழியிலிருந்தோ பஸ் ஏறி வந்துவிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, நகல்களை இணைத்து நீங்களே கொடுக்கலாம். இணையம் வழியாகவும், இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். விற்பனையாளர், இணையதள நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் கேட்கலாம்.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடப்பில் கூடுதல் காலம் பிடிக்கலாம். வழக்குப் போட உங்களுக்குள்ள கெடு 2 ஆண்டுகள்.