எந்த பாக்கெட் காத்திருக்க வேண்டும்?

ஒருவர் சர்வரிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்கிறார். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் ஐ.பி. போனில் (நெட்வொர்க் வழியாக இயங்கும் போன்) பேசுபவருக்குக் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. கண்காணிப்பு கிராஃபைப் பார்த்தால் லிங்க் பாதிகூட நிரம்பவில்லை. அப்புறம் ஏன் இப்படி?

அந்த கிராஃப் பெரும்பாலும் சில நிமிடங்களின் சராசரி. நெரிசலோ மில்லி விநாடிகளில் வந்து போய்விடுகிறது. தரவு சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்களாக, ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டி வழியாகப் போகிறது. அதன் பல போர்ட்களில் (கம்பி செருகும் வாய்கள்) நுழையும் பாக்கெட்கள் ஒரே போர்ட் வழியாக வெளியேற முண்டும்போது, உடனே போக முடியாதவை பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வரிசையாக நிற்கும். பஃபரும் நிறைந்தால், அடுத்து வரும் பாக்கெட்டை ஸ்விட்ச் தூக்கி எறிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியேறும் போர்ட்டின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்று வையுங்கள். வரிசையில் ஏற்கெனவே 1 மெகாபைட் ஃபைல் தரவு நிற்கிறது. அதாவது 80 லட்சம் பிட். அது கரைய 80 மில்லி விநாடி ஆகும். இப்போது கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 முறையில் பேசும் போன் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. உரையாடல் இயல்பாக இருக்க, ஒரு திசையில் மொத்தத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது. அதில் பாதிக்கு மேல் ஒரே ஸ்விட்ச்சில் போய்விட்டது!

குரலுக்குத் தனி முன்னுரிமை வரிசை வைத்தால்? ஏற்கெனவே கம்பியில் போய்க்கொண்டிருக்கும் பாக்கெட்டை மட்டும் பாதியில் நிறுத்த முடியாது. அது 1500 பைட் என்றால் 0.12 மில்லி விநாடி. அது முடிந்ததும் குரல் பாக்கெட் கிளம்பிவிடும். 80 எங்கே, 0.12 எங்கே! லிங்க்கின் வேகம் ஒரு பிட்கூடக் கூடவில்லை. ஃபைல் கொஞ்சம் தாமதமாக முடியும், அவ்வளவுதான். கியூ.ஓ.எஸ். (சேவைத் தரம்) என்பதே இந்த ஏற்பாடுதான்.

சரி, எது குரல் என்று ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்? பாக்கெட்டிலேயே குறி இருக்கிறது. வி.லேன் டேக்கில் (எந்த உள்பிரிவு நெட்வொர்க் என்று சொல்லும் ஒட்டு) 3 பிட், 0 முதல் 7 வரை. ஐ.பி. தலைப்பில் (பாக்கெட்டின் முகவரி இருக்கும் முன்பகுதி) டி.எஸ்.சி.பி. என்ற 6 பிட், 0 முதல் 63 வரை. குரலுக்கு வழக்கமாக டி.எஸ்.சி.பி. 46. ஆனால் 46 என்று எழுதியிருப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அந்த எண்ணை நம்பி, சரியான வரிசையில் சேர்க்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சில பழைய ஸ்விட்ச்களில் கியூ.ஓ.எஸ்.ஸை இயக்கியதுமே எல்லா போர்ட்டும் நம்பத்தகாதவையாகக் கருதப்படும். உள்ளே வரும் குறி 0 ஆக அழிக்கப்படும். குரலைச் சரிசெய்யப் போனவர் அதை இன்னும் கெடுத்துவிட்டு, காரணம் புரியாமல் தவிப்பார். அதற்காக எல்லாரையும் நம்பிவிடவும் கூடாது. எந்தக் கணினியும் தன் பாக்கெட்டில் 46 என்று எழுதிக்கொள்ளலாம். போன் போடும் குறியை நம்புங்கள், மற்றவற்றை முதல் ஸ்விட்ச்சிலேயே திருத்தி எழுதுங்கள்.

முன்னுரிமை வரிசைக்கு வரம்பும் வேண்டும். இல்லையென்றால் அது நிரம்பி வழியும்போது மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும். அப்படிப் பட்டினி கிடப்பதில் ரூட்டிங் தகவலும் (பாக்கெட் போக வேண்டிய வழியைச் சொல்வது) சிக்கினால் நெட்வொர்க்கே சாய்ந்துவிடும். லிங்க்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். மீதியை மற்ற வரிசைகள் எடை விகிதப்படி முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும்.

அமைத்து முடித்ததும் வரிசைவாரியான டிராப் (தூக்கி எறியப்பட்ட பாக்கெட்) எண்ணிக்கையைப் பாருங்கள். குரல் வரிசையில் டிராப் விழுந்தால் வரம்பு போதவில்லை, அல்லது குரல் அல்லாத ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. சாதாரண வரிசையில் எப்போதாவது விழுந்தால் டி.சி.பி. என்ற அனுப்பும் முறை மறுபடி அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தால் லிங்க்கைத்தான் பெரிதாக்க வேண்டும்.