சென்ரியு: நடுவரின் பெயரே பாவின் பெயரானது

அதிகாரி வீட்டுக் குழந்தை
சீக்கிரமே கற்றுக்கொள்கிறது
கையை மூடிப் பிடிக்க.

250 ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானியக் கவிதை இது. மூலத்தில் 'நிகிநிகி' என்றொரு சொல் வருகிறது. கைக்குழந்தை விரல்களை மூடித் திறந்து விளையாடுவதைக் கொஞ்சலாக அப்படிச் சொல்வார்கள். அப்பா கையூட்டு வாங்குகிறவர், பிள்ளைக்கு அது பிறவியிலேயே வந்துவிட்டது என்று குத்துகிறார் எழுதியவர். இந்த வகைப் பாவுக்குத்தான் சென்ரியு என்று பெயர்.

வடிவம் ஹைக்கூவேதான்: ஐந்து, ஏழு, ஐந்து என்று மொத்தம் 17 ஒலி. (நம் நேரசை, நிரையசைக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மாத்திரைக் கணக்குதான் கொஞ்சம் கிட்ட வரும். 'சென்ரியு' என்ற சொல்லையே ஜப்பானியர் செ, ன், ரியு, உ என்று நான்காக எண்ணுவார்கள்.) ஹைக்கூ மரபில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வேண்டும். சென்ரியுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் கண் மாமியார், மருமகள், வைத்தியர், அதிகாரி, கஞ்சன் என்று மனிதர்கள் மேல்தான்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? கராய் சென்ரியு (1718–1790) என்பவரிடமிருந்து. இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரில், அசகுசா பகுதியில் இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், அவர் புகழ் பெற்றது கவிஞராக அல்ல, போட்டி நடுவராக. அப்போது 'மாஎகுசுகே' என்றொரு விளையாட்டு நகரத்தில் பரவியிருந்தது. நடுவர் 14 ஒலியில் ஓர் அடியைக் கொடுப்பார், அதற்குப் பொருந்த 17 ஒலியில் பாட வேண்டும். நம்மூரில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது போலத்தான். கலந்துகொள்ளக் கட்டணம் உண்டு, வென்றால் பரிசும் உண்டு. இந்த விளையாட்டின் போக்கைக் காட்ட 16ஆம் நூற்றாண்டுப் பழம்பாடல் ஒன்றைச் சொல்வார்கள். கொடுத்த அடி: 'வெட்டவும் தோன்றுகிறது, வெட்டாமலிருக்கவும் தோன்றுகிறது.' வந்த பதில்:

திருடனைப் பிடித்து
யாரென்று பார்த்தால்
என் பிள்ளை.

கராய் 1757இல் நடுவராக இறங்கினார். அவர் தேர்ந்தெடுத்தவற்றிலிருந்து பொறுக்கிய பாக்கள் 1765இல் 'யனகிதரு' என்ற தொகுப்பாக வந்தன. கொடுத்த அடி இல்லாமலேயே புரிகிற பாக்களாகப் பார்த்து எடுத்ததுதான் அதன் சாமர்த்தியம். அதனால் 17 ஒலி தனிக்காலில் நின்றது. தொகுப்பு விற்றது, கராய் இறந்த பிறகும் தொடர்ந்து, 167 பகுதி வரை போனது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. நிலைத்தது நடுவரின் பெயர்.

'சென்ரியு' புனைபெயர்தான். ஜப்பானியர் கையாளும் சீன எழுத்தில் எழுதினால் இரண்டே எழுத்து. முதலாவது 'ஆறு': தூரிகையால் மேலிருந்து கீழாக மூன்று கோடு, இடக்கோடு மட்டும் அடியில் சற்று வளையும், ஓடும் நீரின் படம். இரண்டாவது வில்லோ மரம். அந்த எழுத்தின் இடப்பாதியே 'மரம்' என்ற எழுத்து. இந்த இரண்டையும் சீன வழி ஒலியில் படித்தால் சென்ரியு, சொந்த ஜப்பானிய ஒலியில் படித்தால் கவாயனகி. தூரிகை எழுத்தை ஒரு நெறியாகவே பயில்வதற்கு அவர்கள் 'ஷோதோ' என்பார்கள். நாம் வனப்பெழுத்து என்கிறோம். கராய் சாகும்போது சொன்னதாக வழங்கும் பாவும் தன் பெயரை வைத்தே விளையாடுகிறது:

குளிர்காற்றே,
நீ போனபின் துளிர்க்கட்டும்
ஆற்றங்கரை வில்லோ.

இனித் தமிழ்ச் சொல். பெயரை அப்படியே பெயர்த்தால் 'ஆற்றுவில்லோ' என்று அபத்தமாக நிற்கும். ஆளின் பெயரை மொழிபெயர்ப்பது முறையும் அல்ல. ஹைக்கூவைத் துளிப்பா என்பவர்கள் சென்ரியுவை நகைத்துளிப்பா என்கிறார்கள். கேட்டதும் புரிகிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது. என் குறை ஒன்றுதான்: எல்லாச் சென்ரியுவும் நகைப்பதில்லை. 'பெற்றோரைப் பேண ஆசை வரும் வயதில் பெற்றோர் இல்லை' என்பதும் பழைய சென்ரியுதான். அங்கே எங்கே சிரிப்பது? ஆனாலும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஈரோடு தமிழன்பன் தன் தொகுப்புக்கு 'ஒரு வண்டி சென்ரியு' என்று மூலப்பெயரையே வைத்தார். முதல் முறை 'சென்ரியு' என்று எழுதிவிட்டு, அப்புறம் நகைத்துளிப்பா என்று தொடர்வது என் வழக்கம்.

'சிரிப்பு ஹைக்கூ' என்று மட்டும் எழுத வேண்டாம். ஹைக்கூ என்ற பெயரை ஜப்பானியக் கவிஞர் மசவோகா ஷிகி நிலைநிறுத்தியது 1890களில். கராய் இறந்து அப்போது நூறு ஆண்டு ஆகியிருந்தது.