நியூட்: ஓடிவந்து ஒட்டிக்கொண்ட ‘ந்’

பார்க்கப் பல்லி போல இருக்கும், மீன் தொட்டியில் வளர்க்கும் சிறு உயிரான நியூட்டைத் (newt) தமிழில் என்னவென்று சொல்வது? சட்டென்று வாயில் வருவது ‘நீர்ப்பல்லி’. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் இந்த ஆங்கிலச் சொல்லே காதுப்பிழையில் பிறந்த கதையைப் பார்த்துவிடுவோம்.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘எஃபெடா’ என்று பெயர். அது தேய்ந்து ‘யூட்’ மாதிரி ஆனது. நமக்கு உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு என்பது போல ஆங்கிலத்தில் ஆன் (an), எ (a). ‘ஆன் யூட்’ என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் ‘எ நியூட்’ என்று பிரித்துக்கொள்ள, அதுவே நிலைத்துவிட்டது. ‘ஓர் ஆமை’யை ‘ஒரு ராமை’ என்று கேட்டு அப்படியே எழுதிவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பட்டப்பெயரைக் குறிக்கும் நிக்நேம் (nickname) என்பதன் முதல் எழுத்தும் இதே வழியில் வந்து சேர்ந்ததுதான். ஆரஞ்சில் நடந்தது தலைகீழ்: நம் நாரத்தையோடு உறவு சொல்லப்படும் ‘நாரங்க’ என்ற சொல் பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா போய், அங்கே முதல் ‘ந’வைத் தொலைத்தது.

பழைய வடிவம் முழுக்கச் சாகவில்லை. வட அமெரிக்காவின் கிழக்கத்திய நியூட், வளர்ந்து தண்ணீருக்குத் திரும்புமுன் சில ஆண்டுகள் செம்மஞ்சள் நிறத்தில் காட்டுத் தரையில் அலையும்; அந்தப் பருவத்துக்கு இன்றும் ‘எஃப்ட்’ என்றே பெயர்.

சரி, பல்லி ஏன் கூடாது? பல்லி ஊர்வன, செதில் உண்டு. நியூட்டுக்குச் செதில் கிடையாது. அது சாலமாண்டர் என்ற வாலுள்ள இருவாழ்வி வகை, தவளைக்குத்தான் சொந்தம். பெயரை நம்பிப் பல்லிக்குப் போடுவது போல மேலே சூடு விளக்கைப் போட்டால் கதை முடிந்தது. தொட்டிகளில் அதிகம் காணப்படும் சீனத்துத் தீவயிற்று நியூட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. குளிர்காலம் போலச் சில வாரங்கள் நன்றாகக் குளிரவிட்டு, பிறகு மெல்ல வெப்பம் கூடினால்தான் பெரும்பாலும் இணை சேரும். சென்னை வெயிலில் குளிர்விக்கும் கருவி இல்லாமல் இதை நினைக்கவே வேண்டாம்.

இணை சேரும் விதம்தான் அழகு. ஆண், பெண்ணின் முகத்துக்கு நேரே வாலை விசிறி மணத்தை அனுப்பும், பிறகு விந்துப் பொதியைத் தரையில் வைத்துவிட்டு நகரும், பெண் அதன்மேல் ஊர்ந்து தானே உள்ளே எடுத்துக்கொள்ளும். முட்டைகளை ஒவ்வொன்றாக, பின்னங்காலால் பாசி இலையை மடித்து, அதற்குள் பொதிந்து வைக்கும். பெற்றவையே தின்றுவிடும் என்பதால் இலையோடு வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கொண்டை நியூட் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: முட்டையில் பாதி கெட்டுப்போவது அந்த இனத்தின் மரபணுக் கோளாறு, உங்கள் தப்பல்ல.

குஞ்சைத் தலைப்பிரட்டை என்பதும் பொருந்தாது. தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்தான் முதலில் வெளியே தெரியும்; இதற்கு முன்னங்கால் முதலில் வரும், செவுள்களும் இறகு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஜப்பானியர் நியூட்டை ‘இமோரி’, கிணற்றுக் காவலன், என்கிறார்கள். பல்லி ‘யமோரி’, வீட்டுக் காவலன். அவர்கள் ஊரில் இரண்டும் உண்டு, அதனால் இரண்டுக்கும் பெயர் உண்டு. இந்தியாவிலோ டார்ஜிலிங் போன்ற வடகிழக்கு மலைப்பகுதிகளுக்குப் போனால்தான் இமாலய நியூட்டைப் பார்க்க முடியும், நம் பக்கம் கிடையாது. பேர் இல்லாததில் வியப்பென்ன? நான் நியூட் என்றே எழுதுவேன். தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் ‘வால்தேரை’ என்று சொல்லிப் பார்க்கலாம். சந்தி பார்ப்பவர்கள் ‘வாற்றேரை’ என்பார்கள், அது தனிச் சண்டை.