மருந்துப் பட்டியலில் இடம்பெறாத மூலிகை

புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் "வேறு ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். மாதக்கணக்கில் மூலிகைப் பொடியோ கஷாயமோ உட்கொண்டு வருபவர்கள்கூட அதற்கு "இல்லை" என்றே பெரும்பாலும் பதில் சொல்கிறார்கள். அவர்கள் எதையும் மறைப்பதில்லை. மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். மூலிகைகளால் நேர்ந்த பாதிப்புகள் என்று நான் கண்டவற்றில் பெரும்பாலானவை இந்த "இல்லை"யில்தான் தொடங்கியிருக்கின்றன.

இரத்த அழுத்தத்திற்கு மூன்று மாத்திரைகள் எடுத்துவந்த, அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, கால்கள் வலுவிழந்து நடக்கத் தடுமாறும் நிலையில் வந்தார். அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்தது. குறைந்தது 3.5 இருக்க வேண்டிய பொட்டாசியம் 2.6 ஆக இறங்கியிருந்தது. அவருடைய மாத்திரைகள் எவையும் அதை அவ்வளவு இறக்கக்கூடியவை அல்ல என்பதால், அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று ஐயுற்று ஸ்கேனுக்கு எழுதும் வேளையில்தான், இருமலுக்காக நான்கு மாதங்களாக இருவேளையும் அவர் அதிமதுரக் கஷாயம் குடித்துவருவதை மகள் சொன்னார். அதிமதுரத்திற்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களில் ஒன்றான கார்ட்டிசாலைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்படித் தடைபட்டதும், அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் செய்ய வேண்டிய வேலையைக் கார்ட்டிசால் தானே செய்யத் தொடங்கி, உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. சில நாட்கள் தொண்டைக்கு இதம் தரும் அதே பொருள்தான் மாதங்கள் கடந்தபோது அவரை இந்நிலைக்குக் கொண்டுவந்தது.

இதைச் சொல்வதால் மூலிகைகளின் பயனை நான் மறுப்பதாகக் கொள்ள வேண்டாம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமியை நானே பரிந்துரைக்கிறேன். மாசிப்பச்சையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொன்ன நான்காம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பைப் படித்த சீன விஞ்ஞானி தூ யூயூ, கொதிக்கவைப்பதே மருந்துப் பொருளை அழிக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1972இல் அவ்வாறு தனித்துக் கிடைத்த ஆர்ட்டிமிசினின்தான் இன்றைய மலேரியா சிகிச்சையின் அடித்தளம். 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழைய குறிப்பு தந்த பயன் எவ்வளவு பெரியதோ, அதைச் சரியான முறையிலும் அளவிலும் கையாள வேண்டியிருந்ததும் அவ்வளவு முக்கியமானது.

அளவுதான் இங்கே சிக்கல். மண், பருவம், பறித்த காலம், உலர்த்திய விதம் ஆகியவற்றுக்கேற்ப ஒரே செடியிலும் வேதிப்பொருளின் அளவு மாறும். நம் பழைய வைத்திய நூல்கள் மூலிகையைத் தூய்மை செய்யும் சுத்தி முறைகளையும் பத்தியத்தையும் அத்தனை கண்டிப்புடன் சொல்வது காரணமின்றி அல்ல. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் பொடி வாங்குபவர், அம்முறைகளை எல்லாம் விட்டுவிட்டுச் செடியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

செடி மாறிப்போவதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நமக்குப் பெயரளவில் பழக்கமான ஆடுதின்னாப்பாளையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது.

செடியும் அளவும் சரியாக இருந்தாலும், வேறு மாத்திரைகளோடு சேரும்போது நிலைமை மாறலாம். மிதமான மனச்சோர்வுக்குப் பயன்தரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டிப் பிற மருந்துகளை விரைவாகச் சிதைக்கச் செய்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரினின் அளவு இதனால் சரிந்து, பொருத்திய உறுப்பை உடல் நிராகரித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பூண்டு மாத்திரை, ஜின்கோ மர இலையிலிருந்து செய்யும் மருந்து போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்கிறோம். கருவுற்றவர்களும் கல்லீரல், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் எந்த மூலிகையையும் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அந்தப் பெண்மணி கஷாயத்தை நிறுத்திய மூன்றாவது வாரத்தில் பொட்டாசியம் இயல்புக்குத் திரும்பியது; மாத்திரைகளிலும் ஒன்றைக் குறைக்க முடிந்தது. அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். கஷாயம், பொடி, லேகியம், சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது டப்பாவையே எடுத்துவரச் சொல்கிறேன். அப்படி வரும் சில டப்பாக்களில், எந்தச் செடியின் எந்தப் பாகம் எவ்வளவு சேர்ந்துள்ளது என்ற விவரமே இருப்பதில்லை. அவற்றை மட்டும், வேறு விளக்கம் எதுவும் சொல்லாமல், நிறுத்திவிடச் சொல்கிறேன்.