ஜேம்ஸும் சந்தியாகுவும் ஒரே பெயர்தான்

தமிழ் விவிலியத்தில் ஈசாக்கின் மகன் யாக்கோபு; இயேசுவின் சீடர் ஒருவரும் யாக்கோபு. ஆங்கில விவிலியத்தில் முதலாமவர் ஜேக்கப், இரண்டாமவர் ஜேம்ஸ். ஒரு பெயர் எப்படி இரண்டானது?

எபிரேயத்தில் அது 'யாஅகோவ்'. 'அகேவ்' என்றால் குதிகால். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்த பிள்ளை என்கிறது ஆதியாகமம். 'கடவுள் காப்பாராக' என்ற பழைய செமித்தியப் பெயரின் சுருக்கம் இது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எனக்குக் குதிகால் கதைதான் பிடித்திருக்கிறது.

பிளவு கிரேக்கத்தில் தொடங்கியது. ஈசாக்கின் மகனுடைய பெயரை 'இயாகோப்' என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சீடரின் பெயருக்கோ கிரேக்க விகுதி சேர்த்து 'இயாகோபோஸ்' ஆக்கினார்கள். லத்தீனில் அது 'இயாகோபுஸ்'. முன்னது ஏட்டிலேயே தங்கியதால் உருக்குலையவில்லை. பின்னது பிள்ளைகளுக்கு வைத்துக் கூப்பிடும் பெயரானது. வாயில் புழங்கப் புழங்கத் தேய்ந்தது.

முதலில் ப, ம ஆனது: 'இயாகோமுஸ்'. இதில் விந்தை இல்லை. ப, ம இரண்டுமே இதழ் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியமே சொல்கிறது. மூக்கு வழியே காற்றை விட்டால் ம. அப்புறம் முதலில் இருந்த யகர ஒலி இறுகி ஜ ஆனது. இத்தாலியில் ஜாக்கோமோ. பழைய பிரெஞ்சில் நடுவில் இருந்த ககரமும் உதிர்ந்துபோய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஜேம்ஸ் வந்தது. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸின் காலத்தை ஆங்கிலத்தில் 'ஜாக்கோபியன்' என்பது லத்தீன் வடிவத்தை வைத்துத்தான்.

ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்குள்ள கேலிக் மொழியில் இந்தப் பெயர் ஷேமஸ். விளி வேற்றுமையில் முதல் எழுத்தின் ஒலி மாறி, கூப்பிடும்போது 'ஹேமிஷ்' என்று கேட்கும். கேட்டவர்கள் அதையே தனிப்பெயராக்கிவிட்டார்கள். 'முருகா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, பெயரே முருகாதான் என்று எழுதிக்கொண்டதுபோல.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியாவில் இயாகோபுஸ் 'யாகோ' ஆகி, புனிதர் என்று பொருள்படும் 'சாந்த்' முன்னால் ஒட்டிக்கொள்ள, சாந்தியாகோ பிறந்தது. 1541இல் நிறுவப்பட்ட சிலி நாட்டுத் தலைநகரின் பெயரும் அதுதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தது: சந்தியாகு, மரியாதையாகச் சொன்னால் சந்தியாகப்பர்.